அசைவை எண்ணுதல்: கால்டன் முதல் மல்லேஸ்வரம் வரை

1885 ஜூன் மாத 'நேச்சர்' இதழில் பிரான்சிஸ் கால்டன் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். சலிப்பூட்டும் உரையொன்றின் நடுவே, அவையினர் இருக்கையில் நெளிவதை அவர் எண்ணத் தொடங்கினார். கடிகாரத்தை எடுத்தால் பிறர் கவனிப்பர் என்பதால், நிமிடத்திற்கு 15 மூச்சு என்னும் கணக்கில் தம் மூச்சையே காலக்கருவியாகக் கொண்டார். ஆளுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஓர் அசைவு என்பது அவர் கண்ட அளவு. அவை கவனம் கொண்டபோது அது பாதிக்கும் கீழே இறங்கியது. உடலின் அசைவு மனத்தின் விலகலைக் காட்டும் என்னும் கருத்து இவ்வாறு எண்ணிக்கை வடிவம் பெற்றது.

131 ஆண்டுகள் கழித்து, 2016இல், பிரைட்டன் அண்ட் சசெக்ஸ் மருத்துவப் பள்ளியின் ஹாரி விச்செல் குழுவினர் அதே கேள்வியைக் கணினித்திரை முன் அமர்ந்த 27 பேரிடம் எழுப்பினர். செயலுக்குத் தேவையான அசைவு வேறு, தேவையற்ற அசைவு வேறு என்று அவர்கள் பிரித்தனர். முதல்வகையைக் குறைப்பதற்காகவே பங்கேற்றோரின் கையில் டிராக்பால் தரப்பட்டது. ஒப்பிடத்தக்க இரு வாசிப்புகளில், ஈர்ப்புடைய உரையைப் படித்தபோது தேவையற்ற அசைவுகள் 42 விழுக்காடு குறைந்தன.

மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள இந்திய அறிவியல் கழகத்தில் இவ்வளவை இன்னும் நுண்ணிய இடத்திற்குச் சென்றது. அங்குள்ள பிரதீப்தா பிஸ்வாஸ், கௌதம் பிரபாகர் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, வாகன ஓட்டுநரின் மனச்சுமையைக் கண்ணசைவால் அறிய முயன்றது. ஓரிடத்தில் நிலைத்த பார்வை, நம்மை அறியாமலே சற்று விலகி உடனே மீளும். மனச்சுமை ஏறும்போது இவ்விலகல்கள் மிகுகின்றன. கால்டனின் அவையில் ஈடுபாடு கூடியபோது அசைவு குறைந்தது. இங்கே மனத்தின் உழைப்பு கூடும்போது அசைவு கூடுகிறது. ஈடுபாடும் மனச்சுமையும் ஒன்றல்ல. ஆகவே எந்த உறுப்பின் எந்த அசைவு எதைக் குறிக்கிறது என்று வரையறுக்காமல், அசைவின் எண்ணிக்கை எதையும் சொல்லாது.

இதற்குச் சான்று தேட ஆய்வகம் வேண்டியதில்லை. மல்லேஸ்வரத்தில் வயலின் வடிவில் எழுந்து நிற்கும் சௌடையா நினைவு மண்டபத்தில் ஒரு கச்சேரிக்குச் சென்றால் போதும். தொடையில் தாளம் தட்டி, விரல் எண்ணி, தலையசைத்துக் கேட்பவரே அங்கு ஆழ்ந்த ரசிகர். கேட்பதற்கு அவ்வசைவு தேவையில்லை. ஆயினும் அது சலிப்பும் அன்று. கால்டனின் கணக்கை அப்படியே பொருத்தினால், அந்த ரசிகரே அவையில் மிகவும் சலித்தவராகிவிடுவார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. உள்ளத்து உணர்வு மெய்யில் புலப்படுவதே அங்கு மெய்ப்பாடு. எனினும் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களை அது வகுக்கிறது. எள்ளலாலும் நகை தோன்றும், மடனாலும் தோன்றும். குறி ஒன்றாயினும் அது தோன்றும் களன் பல என்பதே இப்பகுப்பின் உட்கிடை. குறியிலிருந்து உணர்வுக்குச் செல்பவர் களனைக் கடந்தே செல்ல வேண்டும்.

இக்களன் இல்லாத அளவு, இன்று மாணவர் மீதே சுமத்தப்படுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பரவிய இணையவழித் தேர்வுக் கண்காணிப்பு மென்பொருள்களில் பல, திரையை விட்டு விலகும் பார்வையை ஐயத்திற்குரியதாகக் குறித்தன. ஆனால் கடினமான வினாவிற்கு விடை தேடுவோர் பார்வையை விலக்குவர் என்பதையும், அவ்விலகல் நினைவுகூர்தலுக்குத் துணைசெய்கிறது என்பதையும் ஆர்தர் கிளென்பெர்க் குழுவினர் 1998லேயே காட்டியிருந்தனர். சிந்திக்கும் மாணவரும் பார்த்தெழுதும் மாணவரும் அக்கருவியின் முன் ஒரே குறியைத் தருகின்றனர்.

கால்டன் எண்ணியவர்களுக்கு அவ்வெண்ணிக்கையால் இழப்பு ஏதுமில்லை. இன்று எண்ணப்படுபவருக்கு மதிப்பெண்ணும் நற்பெயரும் அதில் அடங்கியுள்ளன. எனவே, அளந்தது எந்த அசைவை, எந்தக் களனில் என்னும் விளக்கத்தை அக்கருவியைக் கையாளும் பல்கலைக்கழகத்திடம் கேட்பது மாணவரின் உரிமை.