பரென்தேசி விளக்கு

பரென்தேசி என்பது கூரையிலிருந்து தரைவரை இறங்கும் ஓர் எஃகுக் கம்பியில் மேலும் கீழும் நகரும் வீட்டு விளக்கு. இத்தாலியின் ஃப்ளோஸ் நிறுவனம் இதை 1971 முதல் தயாரிக்கிறது. பியோ மன்சூ, அக்கில்லே காஸ்தில்யோனி ஆகிய இருவரும் இதை வடிவமைத்தவர்களாகக் குறிக்கப்படுகிறார்கள். ஆனால் இது கூடி வரைந்த படைப்பு அல்ல. விளக்கு கடைக்கு வந்தபோது மன்சூ உயிரோடு இல்லை.

மன்சூ (1939–1969), சிற்பி ஜாக்கோமோ மன்சூவின் மகன். கார் வடிவமைப்பாளராகவே பெயர் பெற்றவர். ஃபியட் 127 அவர் கைவண்ணம். தூரினுக்குச் செல்லும் வழியில் 1969 மே மாதம் கார் விபத்தில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற வரைவுகளில் ஒரு விளக்கும் இருந்தது: தரைக்கும் கூரைக்கும் இடையே நிற்கும் ஒரு தண்டு, அதில் ஏறி இறங்கும் உருளை, அதன் பிளவு வழியே ஒளி. உருளையை வேண்டிய உயரத்தில் நிறுத்தத் திருகு ஒன்றை முடுக்க வேண்டும்.

மிலான் நகரத்தவரான காஸ்தில்யோனி (1918–2002) இந்த வரைவை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். தம்முடன் சேர்ந்து பணியாற்றிய அண்ணன் பியேர் ஜாக்கோமோவை அவர் 1968இல்தான் இழந்திருந்தார். கார் முகப்பு விளக்கையும் தூண்டில் வளையங்களையும் கொண்டு 1962இல் தோயோ விளக்கைச் செய்தவர்கள் இந்தச் சகோதரர்கள். அதே ஆண்டில் வந்த அவர்களுடைய ஆர்க்கோ விளக்கில், கனமான பளிங்கு அடிப்பாகத்தைத் துடைப்பக் கட்டை நுழைத்துத் தூக்குவதற்காகவே ஒரு துளை உண்டு.

காஸ்தில்யோனி முதலில் தண்டை நீக்கிக் கம்பியைப் போட்டார். கம்பியின் மேல்முனை கூரைக் கொக்கியில் மாட்டப்படும்; கீழ்முனையில் உள்ள ரப்பர் உறையிட்ட எடை அதை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும். அடுத்து உருளை போனது. அதன் இடத்தில் அடைப்புக்குறிபோல் வளைத்த மெல்லிய குழாய் வந்தது. விளக்கின் பெயருக்குக் காரணமும் இந்த வளைவுதான். நேராக நிற்க முயலும் கம்பி, வளைந்த குழாய்க்குள் நுழையும்போது சுவரில் அழுந்தி உராய்கிறது. பல்பின் எடையைத் தாங்க அந்த உராய்வே போதும். கையால் தள்ளினால் நகரும், விட்டால் அங்கேயே நிற்கும். திருகுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஒளியை ஒரு பக்கம் குவிக்கும் வேலையை, உட்புறம் வெள்ளிப்பூச்சு கொண்ட பல்பே பார்த்துக்கொண்டதால் மறைப்புக் குமிழும் தேவைப்படவில்லை. குழாயோடு விளக்கு கம்பியைச் சுற்றி எந்தத் திசைக்கும் திரும்பும்.

எளிய தோற்றத்துக்காக நுட்பத்தை உள்ளே மறைத்துவைக்கும் பொருள்கள் ஏராளம். பரென்தேசியில் மறைக்க எதுவும் இல்லை. இயங்கும் முறை முழுவதும் வெளியே தெரிகிறது. இதை எளிமைவாத வடிவமைப்பின் சிறந்த சான்றுகளில் ஒன்றாக எண்ணுவதற்கு அதன் மெல்லிய உருவத்தைவிட இதுவே வலுவான காரணம்.

பாகங்களாகவே விற்கப்பட்டு, வாங்கியவர் வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி இது அமைந்தது. இத்தாலிய வடிவமைப்பின் உயர்ந்த விருதான கொம்பாசோ தோரோ 1979இல் கிடைத்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இடம்பெற்றது.

குறைகளும் உண்டு. கூரையில் துளையிட்டாக வேண்டும் என்பதால், வாடகை வீட்டுக்காரருக்கு இது தோதான விளக்கு அல்ல. பல்பு திறந்தே இருப்பதால், கண் மட்டத்துக்கு இறக்கினால் கூசும். சுவரையோ கூரையையோ பார்த்துத் திருப்பிவைப்பதே நல்லது. பழைய பல்புகளின் இடத்துக்கு எல்இடி வந்த பிறகும் கம்பி, எடை, வளைந்த குழாய் மூன்றும் அப்படியே தொடர்கின்றன.