சுண்ணநீரும் சுரப்பிகளும்

தீவகத்துக் கிணற்றுநீரை நெடுநாட் காய்ச்சிய கேத்திலின் அடியில் வெண்மையான படிவு கட்டுவதை அவ்விடத்தார் நன்கறிவர். அங்கே நிலம் சுண்ணக்கல்லாலாயது; நெடுந்தீவின் மதில்களோ முருகைக்கற்களை அடுக்கி எழுப்பப்பட்டவை. இச்சுண்ணத்தின் மூலகமாகிய கல்சியமே நாவில் ஊறும் உமிழ்நீரையும் சமிபாட்டுக்குரிய சதையிநீரையும் சுரக்குமாறு கலங்களை ஏவுவதென்பது தெளிவாக நெடுங்காலஞ் சென்றது. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது, இத்தகைய வன்னீரால் நேர்ந்த ஒரு பிழையாகும்.

இலண்டனில் சிட்னி றிங்கர் என்னும் வைத்தியர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் இட்டு ஆராய்ந்தார். அது நெடுநேரம் துடித்தது. அதனை 1882ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர், அக்கரைசல் காய்ச்சிவடித்த நீரிலன்றிக் குழாய்நீரில் ஆக்கப்பட்டதெனக் கண்டார். வடித்த நீரில் இதயம் விரைவில் ஓய்ந்தது. சுண்ண உப்பைச் சிறிது சேர்த்ததும் மீண்டும் துடித்தது. தமது முந்திய முடிபு தவறென்பதை 1883இல் அவரே அச்சில் ஒப்புக்கொண்டார். அவ்வொப்புதல் இல்லையேல் கண்டுபிடிப்பும் இல்லை.

அதே 1883இலேதான், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீனின் ‘மனுஷ சுகரணம்’ என்னும் தமிழ்நூல் வெளிவந்தது. ஆங்கில நூலொன்றின் தமிழாக்கமாகிய அதில் றிங்கரின் புதுச்செய்தி இடம்பெற வாய்ப்பில்லை. தமிழ் மாணவர்க்கு இது சிறு இழப்பன்று.

இதயத்திற் கண்டது சுரப்பிக்கும் பொருந்துமா? உமிழ்நீர் வெறும் வடிதலன்று, சுரப்பியின் உழைப்பே அதனை வெளித்தள்ளுகின்றது என்பதை ஜேர்மானியரான கார்ல் லூட்விக் 1851இலேயே காட்டியிருந்தார். ஆயினும் கல்சியம் குறைந்தவிடத்து உமிழ்நீர்ச் சுரப்புங் குன்றுமென்பதை டக்ளஸ், பொய்ஸ்னர் என்போர் 1963இலேயே வெளியிட்டனர். கேம்பிரிட்ஜில் மைக்கல் பெறிட்ஜ் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை, பலர் அற்பமெனக் கருதக்கூடிய அப்பொருளை, ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். 1983இல் ஸ்ட்றெப், இர்வைன், பெறிட்ஜ், ஷூல்ஸ் ஆகியோர், இனொசிற்றோல் முப்பொசுபேற்று என்னும் சிறு மூலக்கூறு சதையிக் கலத்தின் உட்சேமிப்பிலிருந்து கல்சியத்தை விடுவிப்பதைக் காட்டினர். றிங்கரின் திருத்தத்திற்குச் சரியாக நூறாண்டுகள் கழிந்திருந்தன.

நிகழ்வது இதுவே. நரம்பின் தூண்டல் கலத்தின் மேற்பரப்பை அடையும். உள்ளே அச்சிறு மூலக்கூறு பிறக்கும். சேமிப்பினின்று கல்சியம் வெளிப்படும். அது குளோரைட்டு அயன்கள் செல்லும் வாயில்களைத் திறக்கும். குளோரைட்டைச் சோடியமும், அவ்விரண்டையும் நீரும் பின்தொடர, சுரப்பு வழியும். பணி முடிந்ததும் கல்சியம் மீளவும் சேமிப்பினுள் இறைக்கப்படும். இறைக்கப்படாது கலத்துள்ளே தேங்குமாயின், உணவைச் சமிக்கச்செய்ய வேண்டிய நொதியங்கள் கலத்தினுள்ளேயே விழித்துக்கொள்ள, சதையி தன்னைத்தானே சமித்து அழியும்.