ஒரு கம்பியும் ஒரு புஷ்ஷும்

மலருக்குக் கட்டுரை என்றதும் நம்மவர்கள் ஹாஸ்டல் மெஸ்ஸையும் கட் அடித்த கிளாஸையும் எழுதுவார்கள். அதை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடிய சீனியர்கள் இருக்கிறார்கள். நான் மெக்கானிக்கல்காரன்; பிழைப்பு சேசிஸ் டிசைனில். ஆகவே ஒரு கம்பியின் வரலாற்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கியர் லீவரிலிருந்து பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் வரை போகிற நீளக் கம்பி. ஒர்க்ஷாப்பில் சொந்தமாகக் கார் கட்டும் தம்பி தங்கைகள் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இதோடுதான்.

கார் வரலாறு என்றால் எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுவார்கள். கம்பியை யார் பார்க்கிறார்கள்?

இன்ஜின் பின்னால் போன கதை

இன்ஜின் முன்னால் இருந்தவரை இந்தத் தொல்லையே இல்லை. 1957-இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனை வரியை மிச்சப்படுத்த, பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அதில் கியர்பாக்ஸ் ஓட்டுநரின் காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லீவர் அதன் தலைமேல் நிற்கிறது. கம்பிக்கு வேலையே இல்லை.

ஆனால் அதற்கு முன்பே, 1946-இல், சர்பிட்டனில் கூப்பர் என்ற தந்தையும் மகனும் ஃபியட் டோப்போலினோ காரின் பாகங்களை வைத்து ஒரு சின்னப் பந்தயக் கார் செய்திருந்தார்கள். ஜேஏபி மோட்டார் சைக்கிள் இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். செயின் போட்டுப் பின் சக்கரத்தைச் சுழற்ற அதுதான் வசதி. அந்த வசதி பிறகு ஒரு புரட்சியே ஆகிவிட்டது. 1959, 1960 இரண்டு ஆண்டுகளும் ஜாக் பிராபம் கூப்பர் காரில் உலகச் சாம்பியன் ஆனார். அதன்பின் பல பந்தயக் கார்களிலும் இன்ஜின் பின்பக்கம் போனது. கியர்பாக்ஸும் கூடவே பின்னால் போனது. லீவர் மட்டும் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில்! நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி. அதை நிரப்ப வந்ததுதான் நம் கம்பி.

வண்டு சொன்ன பாடம்

இந்தக் கம்பியை அழகாகத் தாங்கிய கார் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 2003 வரை 2 கோடிக்கும் மேல் தயாரான கார் அது. தரைத்தட்டின் நடுவில் ஓடும் டனலுக்குள் கம்பி போகிறது. அதன் முன்பகுதியை ஒரு சின்ன புஷ் தாங்குகிறது. பின்னால் கியர்பாக்ஸோடு சேருமிடத்தில் ரப்பர் வைத்த கப்ளிங்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? கம்பிக்கு இரண்டு வேலை. சுழன்றால் கியரைத் தேர்ந்தெடுக்கும். முன்பின் நகர்ந்தால் கியரைப் போடும். ஆகவே அதை இறுக்கிப் பிடிக்கவும் முடியாது, சும்மா விடவும் முடியாது. சுழலவும் சறுக்கவும் விடவேண்டும். மேலும் கீழும் ஆட மட்டும் விடக்கூடாது. புஷ் செய்வது அதைத்தான். பின்னால் இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவைக் கப்ளிங் விழுங்கிவிடும்.

புஷ் தேய்ந்தால் லீவர் லொடலொடவென்று ஆடும், கியர் தேடித் தேடி விழும். பொருள் அற்பம்தான். மாற்றுவதற்குக் கம்பியையே புஷ்ஷிலிருந்து விடுவிக்கவேண்டும்!

வெட்டி ஒட்டியவர்கள்

1964-இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் 'மேயர்ஸ் மாங்க்ஸ்' என்ற மணல்மேட்டு வண்டியை உருவாக்கினார். பிறகு அது கிட்டாக விற்பனைக்கு வந்தது. பழைய பீட்டிலின் தரைத்தட்டை எடுத்து, சுமார் 14 அங்குலம் வெட்டி, மீண்டும் வெல்டிங் செய்து, மேலே ஃபைபர்கிளாஸ் உடம்பைப் பூட்டவேண்டும். ஆயிரக்கணக்கானோர் வீட்டு ஷெட்டிலேயே இதைச் செய்தார்கள். 1967-இல் மெக்சிகோவில் நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்தை ஜெயித்ததும் ஒரு மாங்க்ஸ்தான்.

தட்டை வெட்டினால் கம்பியையும் வெட்டவேண்டுமல்லவா? அங்கேதான் சூட்சுமம். சுழற்சிதான் கியரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதால், ஒட்டும்போது இரு முனைகளுக்கும் இடையே கோணம் கொஞ்சம் மாறினாலும் போச்சு. வெட்டுவதற்கு முன் கம்பியின் நீளத்துக்கும் ஒரு கோடு கிழித்துக்கொண்டால் ஒட்டும்போது கோடு சேர்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கொஞ்சம் கணக்கு

12 மி.மீ. கெட்டி இரும்புக் கம்பி, 1.2 மீட்டர் நீளம், இரு முனையிலும் மட்டும் தாங்கல் என்று வைத்துக்கொள்வோம். தன் எடையிலேயே நடுவில் ஒரு மி.மீ.க்கு மேல் தொய்யும். அதன் இயல்பான அதிர்வு வினாடிக்குச் சுமார் 16. இன்ஜின் 1,000 ஆர்பிஎம்-இல் சுற்றும்போது வினாடிக்குச் சுமார் 17 சுற்று. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால் கம்பி சும்மா இருக்குமா? ஆட்டம்தான்.

நடுவில் ஒரு புஷ் வையுங்கள். அதிர்வு எண் நான்கு மடங்காகி 66 ஆகும். கெட்டிக் கம்பிக்குப் பதில் 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. கனமும் உள்ள குழாய் போட்டால் எடையும் குறையும், புஷ்ஷோடு 144-க்குப் போய்விடும். முழு வித்தையும் இவ்வளவுதான். ஆனால் மூன்று தாங்கல்களும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கம்பி சிக்கிக்கொள்ளும். அதனால் நடுவில் வைப்பது தானே திரும்பிக்கொடுக்கும் உருண்டை பேரிங்காகவோ, கொஞ்சம் தளர்வான நைலான் புஷ்ஷாகவோ இருப்பது நல்லது.

நமக்கு என்ன?

இது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல. ஐந்தாம் கியரிலிருந்து நாலுக்கு வர நினைத்து, கம்பி ஆடியதால் இரண்டில் விழுந்தால்? இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றும். பின் சக்கரங்கள் பிடித்துக்கொள்ளும். வளைவில் கார் சுழன்றுவிடும். உள்ளே இருப்பவன் நம் தம்பி.

நம் பக்கமும் இந்த மரபு உண்டு. கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து, சாமானியரும் பந்தயம் ஓட்டும்படி ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். அவர் 1995-இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய கரி பந்தயத் தளத்தில் இன்று கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களை ஓட்டுகிறார்கள்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே! இன்ஜினுக்கு ஒரு மாதம் செலவழித்தால், இந்தக் கம்பிக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள். புஷ்ஷை எளிதாகக் கழற்றும்படி வையுங்கள். அடுத்த பேட்ச் உங்களை வாழ்த்தும். சீனியர்களே, ஒர்க்ஷாப் பக்கம் வந்தால் லீவரை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் சொல்லிவிட்டுப் போங்கள்.