பொட்டல உணவில் சேர்க்கைப் பொருள்கள்: அத்திப்பட்டு – கும்மிடிப்பூண்டி வட்டாரம்

உணவு சீக்கிரம் கெடாமல் இருக்கவும், நிறமும் சுவையும் பதமும் மாறாமல் நிற்கவும் தயாரிப்பாளர் தெரிந்தே கலக்கும் பொருள்களுக்குச் சேர்க்கைப் பொருள்கள் என்று பெயர். கெடாமல் காப்பவை மட்டும் பதப்பொருள்கள் (பிரிசர்வேட்டிவ்) எனப்படும். வயலில் அடித்த பூச்சிமருந்தின் மிச்சம், மண்ணிலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ வரும் ஈயம் போன்றவை சேர்க்கைப் பொருள்கள் ஆகா, அவை மாசுகள். அனுமதியில்லாத சாயத்தையோ பார்மலினையோ கலப்பது கலப்படம். சட்டம் இந்த மூன்றையும் தனித்தனியே வைத்திருக்கிறது. கடைத்தெருப் பேச்சில் மூன்றுமே "கெமிக்கல்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் இதுவரை எழுந்த பெரிய உணவு அச்சங்களில் பல இந்தக் குழப்பத்தில்தான் வளர்ந்தன.

வட்டாரம்

அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் தடத்தில், எண்ணூரைத் தாண்டி உள்ளது. வட சென்னை அனல்மின் நிலையமும் சமையல் எரிவாயு நிரப்பும் நிலையங்களும் இங்கே உள்ளன. அருகில் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும், தடத்தின் மறுமுனையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் இருக்கின்றன. ஷிப்டு வேலைக்காரர்களும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்களும் நிறைந்த பகுதி இது. அறையில் அடுப்பு மூட்ட நேரமில்லாதவர்களுக்குப் பன், பிஸ்கட், நூடுல்ஸ், ஊறுகாய் பாக்கெட், பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சில்லறை விலை நொறுக்குத்தீனி ஆகியவையே ஒரு வேளை உணவாகிவிடும். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வரும் ஊர்க்காரர்கள், தட்டில் விழும் ரசாயனத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

சட்டம் எதை அனுமதிக்கிறது

இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. அதன் இடத்துக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. எந்த உணவில் எந்தச் சேர்க்கைப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்பதை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் தேசிய ஆணையம் வரையறுக்கிறது.

பதப்பொருள்களை விதிகள் இரண்டு வகுப்பாகப் பிரித்தன. முதல் வகுப்பில் உப்பு, சர்க்கரை, தேன், வினிகர், மசாலாப் பொருள்கள், சமையல் எண்ணெய் ஆகியவை வந்தன. பாட்டி மாவடுவுக்கும் ஆவக்காய்க்கும் பயன்படுத்திய அதே பொருள்கள்தான். இவற்றுக்குப் பொதுவான உச்சவரம்பு கிடையாது. இரண்டாம் வகுப்பில் பென்சோயிக் அமிலமும் அதன் உப்புகளும், கந்தக டை ஆக்சைடு தரும் சல்பைட்டுகள், நைட்ரைட்டுகள், சோர்பிக் அமிலம், நைசின், புரோப்பியோனேட்டுகள் போன்றவை அடங்கின. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதை, தனி அனுமதி இல்லாமல், ஒரே உணவில் சேர்க்கக்கூடாது என்று அந்த விதிகள் கூறின. அளவும் கட்டப்பட்டிருக்கிறது. ஊறுகாயில் பென்சோயிக் அமிலம் பத்து லட்சத்தில் 250 பங்கு, பழ ஸ்குவாஷில் 600 பங்கு என்பது பழைய சட்டக் காலத்திலிருந்து வரும் கணக்கு.

மருத்துவர்கள் அன்றாடம் கவலைப்படுவது முதல் வகுப்பைப் பற்றித்தான் என்பது இந்தப் பிரிவினையின் முரண். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. பொட்டல நொறுக்குத்தீனியும் ஊறுகாயும் அந்தக் கணக்கை வேகமாக நிரப்பிவிடுகின்றன. ஆனாலும் உப்பைப் பார்த்து எவரும் பொட்டலத்தைத் திரும்ப வைப்பதில்லை. 211 என்ற எண்ணைப் பார்த்தால் வைத்துவிடுவார்கள்.

அந்த எண்கள் ஐ.என்.எஸ். என்ற பன்னாட்டு வரிசையைச் சேர்ந்தவை. 211 சோடியம் பென்சோயேட், 202 பொட்டாசியம் சோர்பேட், 282 கால்சியம் புரோப்பியோனேட், 319 எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் காக்கும் டி.பி.எச்.க்யூ., 621 அஜினோமோட்டோ என்று நம் ஊரில் அறியப்படும் மோனோசோடியம் குளூட்டமேட். மஞ்சளின் நிறமிக்கும் 100 என்ற எண் உண்டு. அப்பளக்காரம் 500, கடல்பாசி 406, வினிகரின் அமிலம் 260, புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் 334. எண் இருப்பதே ஆபத்துக்கு அடையாளம் என்ற எண்ணத்துக்கு ஆதாரமில்லை. பொருள் பரிசீலிக்கப்பட்டு அடையாளமிடப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் எண் எதையும் சொல்வதில்லை.

பென்சோயேட் புளிப்பான உணவில்தான் நன்றாக வேலை செய்யும். அமிலச் சூழலில் அது மின்னேற்றமற்ற வடிவத்தில் பூஞ்சையின் செல்லுக்குள் நுழைந்து அதன் வளர்ச்சியை முடக்குகிறது. அதனால்தான் ஊறுகாய், சாஸ், குளிர்பானம் ஆகியவற்றில் அதைப் பார்க்கிறோம், ரொட்டியில் பார்ப்பதில்லை. ரொட்டிக்குப் புரோப்பியோனேட். செயற்கை நிறங்களில் இந்தியா எட்டை மட்டுமே அனுமதிக்கிறது: பான்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின், டார்ட்ரசின், சன்செட் எல்லோ, இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் ப்ளூ, ஃபாஸ்ட் கிரீன். இவற்றையும் எல்லா உணவிலும் சேர்க்க முடியாது.

தமிழ்நாடு கண்ட சர்ச்சைகள்

மிகப் பெரிய அலை 2015-இல் எழுந்தது. உத்தரப் பிரதேசம் பாராபங்கியில் எடுத்த மேகி நூடுல்ஸ் மாதிரியில் குளூட்டமேட் இருந்தது, பொட்டலத்திலோ "எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை" என்று அச்சிட்டிருந்தார்கள். கொல்கத்தா ஆய்வகத்தின் மறுசோதனை, 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2.5 பங்கு) வரம்பைத் தாண்டி 17 பிபிஎம்முக்கு மேல் ஈயம் இருப்பதாகச் சொன்னது. ஜூன் 4-ஆம் தேதி தமிழ்நாடு அரசு மேகியோடு வாய் வாய், ரிலையன்ஸ் செலக்ட், ஸ்மித் அண்ட் ஜோன்ஸ் ஆகிய வகை நூடுல்ஸையும் மூன்று மாதங்களுக்குத் தடை செய்தது. மறுநாள் நாடு முழுவதும் மேகிக்குத் தடை வந்தது. ஆகஸ்ட் 13-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கி, அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை செய்யச் சொன்னது. அந்தச் சோதனைகளில் ஈயம் வரம்புக்குள் இருந்ததால் நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. நிறுவனத்திடம் சுமார் 640 கோடி ரூபாய் கேட்டு மத்திய அரசு தொடர்ந்த வழக்கைத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2024-இல் தள்ளுபடி செய்தது.

ஈயம் சேர்க்கைப் பொருளே அன்று, மாசு. குளூட்டமேட்டோ தக்காளியிலும் வெங்காயத்திலும் கடலைப் புரதத்திலும் இயல்பாகவே உண்டு. சேர்த்ததையும் இயல்பாக இருந்ததையும் பிரித்துக் காட்டும் சோதனை முறை இல்லை என்பதை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2016 மார்ச்சில் தானே ஒப்புக்கொண்டது. ஆக, அந்தச் சர்ச்சையில் உறுதியாக நின்ற குறை ஒன்றுதான்: பொட்டலத்தின் முகப்பில் இருந்த வாசகம். ஆனால் "அஜினோமோட்டோ விஷம்" என்ற பேச்சு அதன்பின் தமிழ்நாட்டு ஓட்டல் பலகைகளில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. 1908-இல் ஜப்பானியர் கிகுனே இகேடா பிரித்தெடுத்த இந்த உப்பைப் பற்றிய பயம், 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த வாசகர் கடிதத்திலிருந்து தொடங்கியது. அதன்பின் நடந்த கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகள் அந்தப் பயத்துக்கு வலுவான ஆதாரம் தரவில்லை.

2016-இல் வந்த பொட்டாசியம் புரோமேட் விவகாரம் இதற்கு நேர் எதிரானது. மாவை உப்பவைக்க ரொட்டித் தொழிலில் அதைச் சட்டப்படியே பயன்படுத்தி வந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 1999-இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருந்தது. தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 வகை ரொட்டி, பன்களைச் சோதித்து, அவற்றில் 84 விழுக்காட்டில் புரோமேட் அல்லது அயோடேட்டின் எச்சம் இருப்பதாக மே மாதம் அறிவித்தது. ஜூனில் புரோமேட் தடை செய்யப்பட்டது. அனுமதிக்கப்பட்ட பட்டியலிலும் நீக்க வேண்டியது இருக்கும் என்பதற்கு இந்த நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

2017 மே மாதம் அப்போதைய பால்வளத் துறை அமைச்சர் கே.டி.ராஜேந்திர பாலாஜி, தனியார் பாலில் கெடாமல் இருக்க ரசாயனம் கலக்கப்படுவதாகப் பேசினார். பால் நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. ஆதாரமில்லாமல் அப்படிப் பேசக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. மறு ஆண்டு மீனுக்கு வந்தது முறை. கேரளத்தில் பார்மலின் கலந்த மீன் பிடிபட்டதைத் தொடர்ந்து சென்னைச் சந்தைகளின் மீனைப் பற்றியும் செய்தி பரவியது. பிணத்தைப் பதப்படுத்தும் பார்மலினை உணவில் எந்த அளவிலும் சேர்க்க அனுமதியில்லை. அது வெறும் கலப்படம்.

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு 17-ஆம் தேதி தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தன. மாதிரிகளில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டதே காரணம். ஆலையில் பொட்டலமிட்ட உணவைவிட, மூங்கில் கழியில் கட்டி, பெயரோ உரிம எண்ணோ இல்லாமல் விற்கும் மிட்டாயே இங்கே குற்றவாளி.

2025 கோடையில் நடந்தது வேறு விதம். தர்பூசணியில் ஊசி மூலம் எரித்ரோசின் சாயம் ஏற்றுகிறார்கள் என்று சென்னை உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பேசிய காணொளி பரவியது. விற்பனை படுத்தது, விலை சரிந்தது, செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்து விவசாயிகள் போராடினார்கள். பிறகு பழம் பாதுகாப்பானது என்று விளக்கம் வந்தது, அதிகாரி இடமாற்றம் செய்யப்பட்டார். பயிருக்குப் போட்ட காசு விவசாயிக்குத் திரும்பவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு அரசு ஓராண்டுத் தடை விதித்தது. அதன் காரணம் கிருமி, ரசாயனம் அன்று.

பெட்டிக்கடையில் இரண்டு வகைப் பொட்டலம்

அத்திப்பட்டு, மீஞ்சூர் போன்ற ஊர்களின் கடைகளில் இரண்டு உலகங்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்று, பெரிய நிறுவனத்தின் பளபளக்கும் பொட்டலம். அதன் பின்பக்கத்தில் எல்லாச் சேர்க்கைப் பொருளும் எண்ணோடு இருக்கும். உள்ளே இருக்கும் காற்று பெரும்பாலும் நைட்ரஜன். மற்றொன்று, பிளாஸ்டிக் கவரில் ஸ்டேப்லர் அடித்த மிக்சர், கலர் அப்பளம், ஜவ்வு மிட்டாய். இதில் எண் எதுவும் இல்லை. அதனாலேயே பலரும் இதை "கெமிக்கல் இல்லாதது" என்று நம்பி வாங்குகிறார்கள். நிறம் எந்தச் சாயம், எண்ணெய் எத்தனையாவது முறை கொதித்தது என்று கேட்க இதில் வழியே இல்லை. அடர்ந்த மஞ்சள் நிறத்துக்கு மெட்டானில் எல்லோ என்ற அனுமதியற்ற சாயம் இந்தியாவில் நெடுங்காலமாகப் பிடிபட்டு வருவது இப்படிப்பட்ட உதிரிப் பண்டங்களில்தான். பொங்கல் சமயத்தில் வெல்லத்தை வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடுவதும் லேபிள் இல்லாத வணிகத்தின் பழக்கமே. வெளிர் மஞ்சள் வெல்லத்தைத் தேடி வாங்கும் வாடிக்கையாளருக்கும் இதில் பங்குண்டு.

உரிமம் பெற்ற பொட்டலத்தில் 14 இலக்க எண் இருக்க வேண்டும். 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டு உரிமம், 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம்; 2-இல் தொடங்குவது சிறு தொழில்களுக்கான பதிவு. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழில் அச்சிடலாம், கட்டாயமில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பொடி எழுத்துப் பட்டியல் இருந்தும் இல்லாததுதான். விதிமீறலைச் சந்தேகித்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்புவார். சென்னை கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய ஆறு இடங்களில் அரசு ஆய்வகங்கள் உள்ளன. 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம்.

அறிவியல் அடிப்படை உள்ள கவலைகள்

ஒரு பொருளின் அன்றாட ஏற்பு அளவைக் கணிக்க, விலங்குச் சோதனையில் தீங்கு காட்டாத அளவை வழக்கமாக நூறால் வகுக்கிறார்கள். பெரியவருக்கு இது நிறைய இடைவெளி தருகிறது. எடை குறைந்த குழந்தை ஒரே நாளில் குளிர்பானம், ஜெல்லி, சிப்ஸ் என்று சாப்பிட்டால் அந்த இடைவெளி சுருங்கும். கணக்கு பெரும்பாலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகப் போடப்படுவது இந்த முறையின் பலவீனம்.

சல்பைட்டுகள் ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டுவது உறுதியான செய்தி. உலர் பழங்கள் வாங்கும்போது அவர்கள் 220 முதல் 228 வரையான எண்களைப் பார்ப்பது நல்லது. பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் ஒரே பானத்தில் சூட்டிலும் வெளிச்சத்திலும் நெடுநாள் கிடந்தால் மிகச் சிறிய அளவில் பென்சீன் உருவாகலாம். வெயிலில் அடுக்கி வைத்த குளிர்பானப் பெட்டிகளைப் பற்றிக் கடைக்காரர் கவலைப்பட இதுவும் ஒரு காரணம். நைட்ரைட்டு சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சியை உள்ளடக்கிய வகையை, புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது.

நிறங்களைப் பற்றிய சவுத்தாம்ப்டன் ஆய்வு 2007-இல் லான்செட் இதழில் வந்தது. சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குடித்த குழந்தைகளிடம் பரபரப்பு கூடியதாக அது சொன்னது. விளைவு சிறியது, எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே மாதிரி தெரியவுமில்லை. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. அவற்றில் டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர் ஆகிய நான்கும் இந்தியப் பட்டியலில் உள்ளவை. இங்கே அந்த எச்சரிக்கை கிடையாது. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம் உள்ளது என்ற பொது வாசகம் போதும். எரித்ரோசினை உணவில் சேர்க்கத் தந்திருந்த அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் திரும்பப் பெற்று, தயாரிப்பாளர்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம் கொடுத்திருக்கிறது.