குப்புறப் படுக்கவைத்தல்

விழித்திருக்கும் கைக்குழந்தையைப் பெரியவர் கண்காணிப்பில் வயிறு தரையில் படும்படி கிடத்தும் பயிற்சி. இது கழுத்து, தோள், முதுகுத் தசைகளை வலுப்படுத்தி, தலை நிமிரவும் புரளவும் தவழவும் துணைசெய்கிறது. பின்மண்டை தட்டையாவதையும் குறைக்கிறது. திடீர் மரண அபாயம் கருதி, குழந்தைகளைக் குப்புற உறங்கவைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் பரிந்துரைத்தபின் இப்பயிற்சி தனிக் கவனம் பெற்றது. தவழத் தொடங்காத குழந்தைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடம், பல தவணைகளாக, இதை அளிக்குமாறு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

பிறந்த சில நாள்களிலேயே தாய் அல்லது தந்தையின் மார்பின்மீது ஓரிரு நிமிடம் கிடத்தித் தொடங்கலாம். பின்னர் உறுதியான விரிப்பில் கிடத்தி, எட்டும் தொலைவில் கிலுகிலுப்பை வைக்கலாம். பால் குடித்தவுடன் செய்யலாகாது. குழந்தை உறங்கிவிட்டால் உடனே மல்லாத்திக் கிடத்த வேண்டும்.