அச்சின் விளிம்பில் படியும் கசடு

முறுக்குப் பிழிந்து பழகியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். நாழியும் அச்சும் குறைவற்றவையாக இருந்தாலும், மாவின் பதம் தவறினால் இழை பிசிறி விழும். அச்சின் கண்ணில் மாவு ஒட்டிக் காய்ந்துவிட்டால், அடுத்து வரும் இழையில் கீறல் விழும்.

குழாய், தாள், மின்கம்பியின் உறை ஆகிய பிளாஸ்டிக் பொருள்களைப் பிழிந்தெடுக்கும் ஆலைகளிலும் இவற்றையொத்த இரு தொல்லைகள் உண்டு. அச்சின் விளிம்பில் கசடு சேர்வது ஒன்று. வெளிவரும் பொருள் வழவழப்பை இழப்பது மற்றொன்று. இவை யாருடைய குற்றம்? யந்திரத்தை ஓட்டும் தொழிலாளியின் கவனக்குறைவா, அச்சைக் கடைந்தவரின் கைப்பிழையா, அன்றிப் பொருளின் இயல்பேயா? இவ்வினாவுக்கு விடை கிடைத்த வரலாறு நாம் அறியத்தக்கது.

பிழியும் தொழில் பிளாஸ்டிக்குக்கு முற்பட்டது. 1845-இல் ஹென்றி பியூலி என்பவர் குட்டாபர்ச்சா என்னும் மரப்பாற் பிசினைப் பிழியும் யந்திரம் ஒன்றை அமைத்தார். மலேயாக் காடுகளில் கிடைத்த அப்பிசினே, 1851-இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடியில் இடப்பட்ட தந்திக் கம்பிக்குக் காப்பாயிற்று. 1879-இல் மாத்யூ கிரே திருகினால் தள்ளும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிசின் போன்ற பொருள்கள் துளையை விட்டு வெளிவந்ததும், அத்துளையின் அளவைக் காட்டிலும் பருப்பதை 1893-இல் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் பாரஸ் எடுத்துரைத்தார்.

1933 மார்ச் 27 அன்று, இங்கிலாந்தின் வின்னிங்டன் ஆய்வுக்கூடத்தில் பாசெட், கிப்சன் என்னும் இருவர் பாலித்தீனைக் கண்டனர். யுத்த காலத்தில் அது ராடார் கம்பிகளுக்கு உறையாயிற்று. பிளாஸ்டிக் தொழில் பெருகப் பெருக, விரைவாகப் பிழிய வேண்டிய தேவையும் எழுந்தது. வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் இழை முறுக்கிக்கொண்டும் உடைந்தும் வந்தது. இதனை 1949-இல் ஸ்பென்சரும் டில்லனும் பாலிஸ்டைரீனில் ஆராய்ந்தனர். 1956-இல் டோர்டெல்லா இதற்கு ‘உருகுநிலை முறிவு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

சுறாவின் தோல்போல மேற்பரப்பு மட்டும் சொரசொரப்பாவதற்கு 1977-இல் காக்ஸ்வெல் ஒரு விளக்கம் தந்தார். அச்சின் சுவரை ஒட்டிய படலம் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. வாயைக் கடந்த கணத்தில் அது மற்றப் பகுதியின் வேகத்தை எட்ட வேண்டும். அப்போது அது இழுபட்டுக் கிழிகிறது. பாலித்தீனில், சுவரில் உராயும் விசை சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அளவை எட்டும்போது இது தொடங்குகிறது. அந்நிலையில் ஓட்டுபவரின் சாமர்த்தியம் மட்டும் அதைத் தடுத்துவிடாது.

விளிம்பில் சேரும் கசட்டின் கதை வேறு. பிளாஸ்டிக்கிலுள்ள குறுகிய மூலக்கூறுகள், ஈரம், சுண்ணாம்புத் தூள், சாயம் ஆகியவை அச்சின் வாயில் ஒதுங்குகின்றன. பருத்து வரும் இழை விளிம்பில் உராய்ந்து அவற்றை அங்கே விட்டுச் செல்கிறது. நெடுநேரம் வெந்த கசடு கருகிப் பொருளின்மேல் விழுகிறது. கம்பியின் உறையில் விழுந்தால், அவ்விடம் பலவீனப்படக்கூடும். யந்திரத்தை நிறுத்திப் பித்தளைத் தகட்டால் சுரண்ட வேண்டியவர் தொழிலாளியே. 1997-இல் காண்டர், ஜியாகோமின் என்னும் இருவர் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, காரணம் ஒன்றன்று, பல என்பது தெளிவாயிற்று.

பத்து லட்சத்தில் சில நூறு பங்கு ஃபுளோரின் பிளாஸ்டிக்கைக் கலந்தால், அது சுவரில் படலமாகப் படிந்து வழுக்கலைத் தருகிறது. 1964-இல் டூபான்ட் நிறுவனம் இதற்குக் காப்புரிமை பெற்றது. சுறாத்தோல் மறைந்தது, பல ஆலைகளில் கசடும் குறைந்தது. ஆயினும் ஃபுளோரின் சேர்ந்த இவ்வகைப் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் அழிவதில்லை. இவற்றின் உற்பத்தியைக் கைவிடப்போவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. மாற்றுப் பொருள்களைத் தேடும் பணி நடைபெறுகிறது.

நம் நாட்டில் பாலித்தீன் உற்பத்தி 1959-இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் தொடங்கியது. தொழிலாளரைப் பயிற்றுவிக்க மத்திய அரசு 1968-இல் சென்னையில் ஒரு பிளாஸ்டிக் பயிற்சிக் கழகத்தை நிறுவியது. இன்று அதன் கிளைகள் பல மாநிலங்களில் உள்ளன. பல ஊர்களின் ஆலைகளில் நம்மவரும் பணிபுரிகின்றனர். அச்சில் கசடு கண்டதும் ஓட்டுபவரைக் கடிந்துகொள்வது எளிது. அதற்குமுன் உஷ்ணம், வேகம், ஈரம், கலவை ஆகிய நான்கையும் சோதித்தறிவதே முறை என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.