ஒரு தந்தையின் கல்லறை

வரலாற்று வகுப்பிலே ஒரு சிறு இடர்ப்பாடு எனக்கு நேர்வதுண்டு. கிறிஸ்தவ மாணவன் ‘ஆபிரகாம்’ என்று எழுதுவான்; அவனருகே அமர்ந்திருக்கும் முஸ்லிம் மாணவன் ‘இப்றாஹீம்’ என்று எழுதுவான். யூதரோ ‘அவ்ரஹாம்’ என்பர். மூவரும் குறிப்பது ஒருவரையே. இறைவன் ஒருவனே என்னும் கொள்கையும், தீர்க்கதரிசிகளும், இறுதித் தீர்ப்பும் இம்மூன்று சமயங்களுக்கும் பொது. பொதுவாயிருந்ததே பிணக்குக்கும் ஏதுவாயிற்று என்பதற்கு எருசலேமின் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள எபிரோன் நகரம் சான்றாகும்.

அந்நகரை அரபு மக்கள் ‘அல்-கலீல்’ என்பர். நண்பர் என்பது பொருள். ஆபிரகாம் இறைவனின் நண்பர் என்று மூன்று மரபினரின் மறைகளும் உரைக்கின்றன. மனைவி சாராள் இறந்தபோது, அந்நிலத்தில் அந்நியராயிருந்த அவர், மக்பேலா என்னும் குகையை 400 சேக்கல் வெள்ளிக்கு விலைபேசி வாங்கினார் என்று ஆதியாகமம் கூறும். இலவசமாகத் தருவதாகச் சொல்லியும் அவர் ஏற்கவில்லையாம். பின்னர் அவர் மறைந்தபோது, ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்தே அவரை அங்கு அடக்கஞ் செய்தனர். சிறு வயதிற் பிரிந்த அவ்விருவரும் மீண்டும் ஒன்றுகூடியதாக அந்நூல் சொல்லும் இடம் இஃதொன்றே.

ஈசாக்கின் வழியில் வந்தோர் யூதர். இஸ்மவேலின் வழியினராகக் கருதப்படுவோர் அராபியர். எனவே, தந்தை யாருக்குரியவர் என்னும் வினா எழுந்தது. உடன்படிக்கை ஈசாக்கு, யாக்கோபு வழியே வந்தது என்பர் யூதர். விருத்தசேதனத்துக்கு முன்னரே ஆபிரகாம் விசுவாசத்தால் நீதிமானாயினார்; ஆகவே விசுவாசிகள் யாவரும் அவர் பிள்ளைகளே என்று உரோமருக்கு எழுதினார் பவுல். அவர் யூதருமல்லர், கிறிஸ்தவருமல்லர், ஏக இறைவனுக்குப் பணிந்தவர் என்கிறது குர்ஆன். பலியிடத் துணிந்த மகன் யார் என்பதிலும் இவ்வாறே. ஆதியாகமம் ஈசாக்கு என்கிறது. குர்ஆன் அவ்விடத்திற் பெயரைச் சொல்லவில்லை. முஸ்லிம்களிற் பெரும்பாலோர் இஸ்மாயீல் என்பர். ஆனால் 923 ஆம் ஆண்டில் மறைந்த பேரறிஞர் தபரீ, இஸ்ஹாக் என்றே கொண்டார். முஸ்லிம் அறிஞருக்குள்ளேயே இக்கருத்து வேற்றுமை இருந்ததைப் பலர் அறியார்.

குகையின் மேல் ஏரோது மன்னன் எழுப்பிய மதில்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றினுள்ளே பைசாந்தியர் காலத்தில் தேவாலயம், பின்னர் பள்ளிவாசல், சிலுவைப் போர் வீரர் காலத்தில் மீண்டும் தேவாலயம், 1187 இல் சலாஹுத்தீனின் வெற்றிக்குப் பின் மீண்டும் பள்ளிவாசல். 1266 இல் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் பிற சமயத்தார் உட்புகுதலைத் தடுத்தார். யூதர் வெளிப்படிக்கட்டின் ஏழாம் படி வரையே ஏறலாம் என்றிருந்த நிலை, 1967 ஆம் ஆண்டுப் போரில் இஸ்ரேல் அந்நகரைக் கைப்பற்றும் வரை நீடித்தது.

இடையே 1929 இல் எபிரோனில் 67 யூதர் கொல்லப்பட்டனர். அரபு அயலவர் சிலர் தம் வீடுகளில் ஒளித்து வைத்ததால் வேறு பலர் உயிர் பிழைத்தனர். 1994 பெப்ரவரியில், ரமழான் மாத வைகறைத் தொழுகையிலிருந்த 29 முஸ்லிம்களை யூதக் குடியேற்றவாசி ஒருவன் அம்மண்டபத்துள்ளேயே சுட்டுக் கொன்றான். அதன் பின்னர் கட்டடம் பிரிக்கப்பட்டது. வாயில்கள் வேறாயின. ஈசாக்கின் நினைவுச் சமாதி முஸ்லிம்களின் பகுதியிலும் யாக்கோபினது யூதரின் பகுதியிலும் அமைந்தன. ஆபிரகாமின் சமாதி மட்டும் நடுவே நிற்கிறது. ஒருபுறச் சாளரத்தின் வழியே யூதரும் மறுபுறச் சாளரத்தின் வழியே முஸ்லிம்களும் அதனைப் பார்க்கின்றனர்.